ஏழாம் எண் காலமான விதம்

செயற்கை உயிர்க் கலைப் பேரவையின் ஏழாம் எண் படைப்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, தன் நாற்பத்தோராவது நாளில் காலமானது. மரணத்துக்குக் காரணம் தேங்காய் நார், எலுமிச்சை வாசனைச் சோப்புத் தூள், இரண்டு வாளித் தண்ணீர். செய்தவள் மாரம்மா, வயது நாற்பத்து நான்கு, துப்புரவுப் பிரிவு, ஒப்பந்தம். காரியம் முடிந்ததும் கண்ணாடித் தொட்டியை வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, பதிவேட்டில் 'அகற்றப்பட்டது, தொட்டி சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். இத்தனை ஒழுங்காக ஆதாரம் வைத்துவிட்டுப் போன கொலையாளியை ஓசூர் வட்டாரம் அதற்கு முன் கண்டதில்லை.

பேரவை இருப்பது, முன்பு அட்டைப்பெட்டி செய்துகொண்டிருந்த ஒரு பெரிய கொட்டகையில். ஊருக்கு நல்லது செய்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தில் இருந்த ஒரு கம்பெனி, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டுவது எல்லோரும் செய்கிற காரியம் என்று யோசித்து, இதைக் கட்டியது. வாசல் பலகையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் பெயர் உண்டு. நான்கிலும் புரியாது. ஷேர் ஆட்டோக்காரர்கள் 'பாசி கம்பெனி ஸ்டாப்' என்கிறார்கள்.

உள்ளே பன்னிரண்டு படைப்புகள். எல்லாம் ரசாயனம். ஆனால் உயிர் உள்ளவை போல நடந்துகொள்ளும். ஒன்றாம் எண், ஒரு தட்டில் ஒன்றையொன்று துரத்தும் எண்ணெய்த் துளிகள். மூன்றாம் எண், காரணமே இல்லாமல் சிவப்பாகி, காரணமே இல்லாமல் நீலமாகும் ஒரு கிண்ணம். ஐந்தாம் எண், ஆளுயரத்துக்கு எழும்பி மெல்லச் சாயும் நுரை. கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரில் பொங்கும் இதே நுரையைச் சும்மா பார்த்து வளர்ந்த ஜனங்கள், இங்கே குளிர்சாதன அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைக்கு வலை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஏழாம் எண்ணுக்கு 'ஆதித் தாய்' என்று பெயர். கண்ணாடித் தொட்டியில் தெளிந்த திரவம், அதன் அடியிலிருந்து நீலமும் பச்சையுமாக விரல் விரலாக முளைத்து நிற்கும் தண்டுகள். அழகாகத்தான் இருந்தது. குறை சொல்லக் கூடாது.

பேரவையில் சில நடைமுறைகள் இருந்தன. காலை ஒன்பது மணிக்கு நிரந்தர ஊழியர்கள் வரிசையில் நின்று பன்னிரண்டு படைப்புகளுக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு படைப்புகளுக்கு வருகைப் பதிவு. யாரும் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்பதில் இயக்குநர் கமலக்கண்ணனுக்குப் பெருமை. படைப்புகளை 'அது' என்று சொல்லக் கூடாது, 'அவர்' என்றே சொல்ல வேண்டும். மாரம்மாவை 'ஏம்மா' என்று கூப்பிட்டால் போதும். படைப்புகள் நிரந்தரப் பணியில் இருந்தன. அவற்றுக்குத் திங்கட்கிழமை வார விடுப்பு, மாதம் ஒரு மருத்துவப் பரிசோதனை. மாரம்மாவுக்கு இரண்டும் கிடையாது, திங்கட்கிழமைதான் தரை கழுவும் நாள்.

மாரம்மா இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினான்கு வருடம் உத்தனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப்போய், வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கூட்டிப் பெருக்கியவள். அங்கே ஃபைவ் எஸ் என்றொரு வேதம் உண்டு. இடம் சுத்தமாக இருக்க வேண்டும், பொருள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், வேண்டாதது வெளியே போக வேண்டும். எதற்கென்று தெரியாத ஒரு பொருள் கண்ணில் பட்டால், அதன்மேல் சிவப்பு அட்டை ஒட்ட வேண்டும். ஏழு நாளில் யாரும் உரிமை கோராவிட்டால் தூக்கிப் போட வேண்டும். இந்த விதியில் மாரம்மா மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவள். பரிசு, மூன்று முறையும் சூடு ஆறாத டப்பா.

ஏழாம் எண்ணின் முப்பத்து மூன்றாம் நாள், மாரம்மா தொட்டி முன் நின்றாள். எல்லாப் பொருளுக்கும் பெயர் அட்டை இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. பெயர் எழுதி ஒட்டுவது ஆதித் தாய்மீது செலுத்தும் வன்முறை என்று காட்சிப் பொறுப்பாளர் பிரவீனா எடுக்கச் சொல்லியிருந்தார். அது மாரம்மாவுக்குத் தெரியாது. வாசல் காவலர் திம்மராயனிடம் கேட்டாள்.

"ண்ணா, அந்தத் தொட்டி யாருது?"

"எனக்கென்னா தெரியும் மாரம்மா. நான் வாசல் பாக்கறவன். உள்ள உயிர் இருக்குது, வெளிய போவாம பாத்துக்கோன்னு சொல்லிக்கிறாங்க. இதுநாள் வரைக்கும் ஒண்ணும் தாண்டிப் போவல."

"அடியில வெள்ளையா படிஞ்சிக் கெடக்குது ண்ணா."

"உயிர்னா அப்பிடித்தான் இருக்கும்."

மாரம்மா தன் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தாள். பழைய கம்பெனியை விட்டு வரும்போது மிச்சமிருந்த ஒரு கட்டைக் கொண்டுவந்திருந்தாள், பழக்கம் விடவில்லை. எழுதினாள்: 'பெயர் இல்லை. அடியில் படிவு. உபயோகம் தெரியவில்லை. யாருடையது? ஏழு நாளில் சொல்லவும். மாரம்மா.' தொட்டியின் நெற்றியில் ஒட்டினாள்.

முதல் நாள் பிரவீனா அதன் முன் பதினொரு நிமிடம் நின்றார். கண் கலங்கியது. இயக்குநர்தான் ஒட்டியிருக்கிறார் என்று நினைத்து அவரைப் பாராட்டினார். பிரவீனாதான் ஒட்டியிருக்கிறார் என்று நினைத்திருந்த இயக்குநர், பாராட்டு தன் பக்கம் வருவதைக் கண்டு அடக்கத்துடன் ஏற்றுக்கொண்டார். இரண்டாம் நாள் அட்டையைச் சுற்றி வெல்வெட் கயிறு கட்டப்பட்டது. மூன்றாம் நாள் பிரவீனா ஒரு கட்டுரை எழுதினார். 'யாருடையது என்ற ஒற்றைக் கேள்வி மனித குலத்தின் கன்னத்தில் விழுகிறது. மாரம்மா என்ற புனைபெயர் மண்ணையும் அம்மனையும் ஒருசேர அழைக்கிறது' என்று அதில் இருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு கல்லூரிப் பேருந்துகள் வந்தன. ஏழாம் நாள் மாலை மாரம்மா அட்டையைப் பார்த்தாள். அதன்முன் முந்நூறு பேர் போட்டோ எடுத்திருந்தார்கள். பதில் ஒருவரும் எழுதவில்லை.

எட்டாம் நாள் காலை விதிப்படி நடந்துகொண்டாள்.

அன்று பதினொரு மணிக்கு இரங்கல் கூட்டம். கறுப்புப் பட்டை, மலர் வளையம், இரண்டு நிமிட மௌனம். மௌனத்தின்போது மூன்றாம் எண் கிண்ணம் நான்கு முறை நிறம் மாறியது. அது உடன்பிறப்பின் விம்மல் என்று இயக்குநர் குறித்துக்கொள்ளச் சொன்னார். மனிதவள அதிகாரி ஜெகதீஷிடம் திம்மராயன் மெதுவாக விசாரித்தார்.

"சார், சாவுக்கு லீவு உண்டுங்களா?"

"நிரந்தர ஊழியர் இறந்தா அரை நாள் உண்டு. ஏழாம் எண் நிரந்தரம். அதனால எல்லாருக்கும் அரை நாள்."

"எனக்கு?"

"நீங்க ஒப்பந்தம்."

அரை நாள் விடுப்பில் எல்லோரும் போன பிறகு, மலர் வளையத்திலிருந்து உதிர்ந்த இதழ்களை மாரம்மாதான் கூட்டி அள்ளினாள். போகிற போக்கில் ஜெகதீஷ் அவளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வருகிற திங்கட்கிழமை, ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விடும் பட்டியலில் அவளுடைய கேட் பாஸ் படத்தின்மேல் சிவப்புக் கோடு விழும்.

அந்தக் கோட்டைப் பற்றி மாரம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோடு விழுந்த முகத்துக்கு எந்த வாசலும் திறக்காது. ஒன்றாம் தேதியிலிருந்து பக்கத்துக் கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை. பதினான்கு வருடக் காத்திருப்புக்குப் பிறகு முதன்முறையாக அந்தச் சொல் அவள் பக்கம் வந்திருந்தது. இப்போது அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தொட்டித் தண்ணீர்.

புதன்கிழமை விசாரணை. நடுவில் இயக்குநர், இடப்புறம் பிரவீனா, வலப்புறம் 'ஐந்து ஏன்' படிவத்துடன் ஜெகதீஷ். எந்தத் தவறுக்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் மூலகாரணம் வந்துவிடும் என்பது தொழிற்சாலைகளின் நம்பிக்கை. பேரவையும் அதை இரவல் வாங்கியிருந்தது.

"ஏன் ஊத்துன?" என்று ஜெகதீஷ் தொடங்கினார்.

"அழுக்கா இருந்துச்சுங்க சார்."

"அழுக்குன்னு ஏன் நெனச்ச?"

"அடியில வெள்ளையா படிஞ்சி, மேல ஏடு கட்டிக்கினு இருந்துச்சுங்க."

"ஏன் யாரையும் கேக்கல?"

"கேட்டன் சார். அட்டையில எழுதி ஒட்டனன். அது ஏழு நாளு கேட்டுக்கினேதான் இருந்துச்சு."

"ஏன் யாரும் பதில் சொல்லல?" படிவத்தின் வேகத்தில் நான்காவது ஏன் தானாக வந்து விழுந்துவிட்டது.

"அது எனக்குத் தெரியாதுங்க சார். மேடம் கட்டுரை எழுதனாங்க. பதில் எழுதல."

ஜெகதீஷ் ஐந்தாவது கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதி மூடினார். இயக்குநர் எழுந்தார்.

"உயிர் என்றால் என்ன? அதை யாராலும் வரையறுக்க முடியாது. நாங்கள் மட்டும் நிதி விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் வரையறுத்திருக்கிறோம். எதற்குப் பணம் தருகிறார்களோ அது உயிர். இதை நான் கொச்சையாகச் சொல்லவில்லை, தத்துவமாகச் சொல்கிறேன். இந்தப் பெண் ஓர் உயிரைக் கொன்றிருக்கிறார். எத்தனையோ கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் நடந்ததை நாற்பது நாளில் நாங்கள் நடத்திக் காட்டினோம். அதை இவர் இரண்டு வாளியில் முடித்துவிட்டார்."

"எங்கே ஊற்றினாய்?" என்று பிரவீனா தழுதழுத்தார். சாம்பலையாவது கரைக்கலாம் என்ற எண்ணம் போலும்.

"வெளிய சாக்கடையிலதாங்க மேடம்."

சாக்கடை கால்வாய்க்குப் போகும், கால்வாய் ஆற்றுக்குப் போகும் என்று மூவரும் ஒரே நேரத்தில் மனத்துக்குள் பயணம் செய்தார்கள். உயிர் என்றால், உயிரை ஆற்றில் விட யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். ரசாயனம் என்றால், இன்னும் மோசமாகக் கேட்பார்கள். இயக்குநர் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"தொட்டிக்குள் இருந்தவரை அவர் உயிர். வாளிக்கு வந்ததும் வெறும் தண்ணீர். சாக்கடையில் விழுந்தது மாரம்மாவின் சொந்த விஷயம்."

ஜெகதீஷ் அதை வரி விடாமல் எழுதிக்கொண்டு, மாரம்மாவிடம் குற்றப்பத்திரிகையைக் கொடுத்து, விசாரணை மறுநாளும் தொடரும் என்றார்.

அன்று சாயங்காலம் மாரம்மாவின் கணவன் மாரிசாமி ஷிப்ட் முடிந்து வந்து, குற்றப்பத்திரிகையைக் கையில் வாங்கினான். முதல் பக்கத்தில் மாலை போட்ட ஏழாம் எண்ணின் வண்ணப் படம். மாரிசாமி வார்ப்பாலையில் அச்சு மணல் பிசைகிறவன். மணல் இறுகுவதற்கு அங்கே சிலிகேட் என்ற பசைத் தண்ணீர் ஊற்றுவார்கள். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இதுக்கா மே மால போட்டாங்க?"

"ஏன்?"

"இது எங்க சிலிகேட்டு மே. போன வருசம் தக்காளிச் செடிக்கு அடிக்கிறதுக்குன்னு மயில்துத்தம் வாங்கி வெச்சிருந்தான் ஒருத்தன், பொட்டலம் அவிழ்ந்து சிலிகேட்டு வாளியில கொட்டிடுச்சு. டீ குடிச்சிட்டு வந்து பாக்கறம், இதே மாரி மொளச்சி நிக்குது. சூப்ரவைசரு திட்டனாரு. யாரும் மால போடல."

மறுநாள் காலை மாரிசாமி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டே, காலி டிரம்மின் அடியில் மிஞ்சிய சிலிகேட்டை ஒரு சொம்பு வாங்கி வந்தான். உத்தனப்பள்ளி உரக்கடையில் நீல மயில்துத்தமும் பச்சை அன்னபேதியும் ஒவ்வொரு பிடி. மாரம்மா அவற்றை எடுத்துக்கொண்டு, ஆவக்காய் தீர்ந்து கழுவி வைத்திருந்த பாட்டிலோடு விசாரணைக்குப் போனாள்.

மேசைமேல் பாட்டிலை வைத்தாள். சிலிகேட்டை ஊற்றித் தண்ணீர் கலந்தாள். உப்புக் கல்லைப் போல நீலத்தையும் பச்சையையும் உள்ளே போட்டாள். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஜெகதீஷ் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அடியிலிருந்து ஒரு பச்சை விரல் எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் ஒரு நீல விரல். டீ வருவதற்குள் பாட்டிலுக்குள் ஒரு காடு நின்றது. உள்ளதைச் சொன்னால், காலமான ஏழாம் எண்ணைவிட இது கொஞ்சம் கொழுகொழுவென்றே இருந்தது.

பிரவீனா பாட்டிலருகே குனிந்து கேட்டார். "இதன் தாய் யார்?"

"சிலிகேட்டுங்க மேடம்."

"தந்தை?"

"உரக்கடைங்க."

ஜெகதீஷ் முதலில் சுதாரித்தார். அனுமதியின்றி உயிரைக் கொன்றதற்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது. இப்போது அனுமதியின்றி உயிரை உண்டாக்கியதற்கு இன்னொன்று எழுதத் தொடங்கினார். இயக்குநர் கையமர்த்தினார். நாளை வெள்ளிக்கிழமை, நிதி கொடுத்த கம்பெனியின் தலைவர் வருகிறார். ஏழாம் எண்ணைப் பார்க்கத்தான் வருகிறார்.

"ஏழாம் எண் மறுபிறவி எடுத்திருக்கிறார்" என்றார் இயக்குநர். பாட்டில் இரண்டு கையாலும் ஏந்திச் செல்லப்பட்டது.

"சார், அப்ப அது சாவலைன்னுதான அர்த்தம்?" என்றாள் மாரம்மா. "கேட் பாஸ்ல கோடு வேணாந்தான?"

ஜெகதீஷ் பொறுமையாக விளக்கினார். "இங்க பாரும்மா. ஏழாம் எண் செத்தது ஒரு ஃபைல். பொறந்தது வேற ஃபைல். ஃபைல் தெறந்தா ஒரு பேரோடதான் மூடணும். மொத ஃபைல்ல உன் பேரு. ரெண்டாவதுல சார் பேரு."

"ரெண்டையும் செஞ்சது நான்தானுங்களே சார்."

"ஒரே ஆளுக்கு ரெண்டு ஃபைல் போட்டா ஆடிட்ல கேப்பாங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாரம்மா தரையைத் துடைத்தாள், கண்ணாடிகளைத் துடைத்தாள், ஏழாம் எண் பீடத்தைத் துடைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, யோசித்து யோசித்து எழுதினாள். கூடவே நீளமாக ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, நூலில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிட்டாள். வாசலில் நின்ற திம்மராயன் எட்டிப் பார்த்தார். பயம் வந்தால் அவருக்கு 'அப்படியா' கூடக் கன்னடத்தில்தான் வரும்.

"மறுபடியும் ஒட்டிட்டியா? ஹௌதா, இவங்க உன்ன சும்மா விடுவாங்களா?"

"படிச்சாத்தான ண்ணா கேப்பாங்க" என்றாள் மாரம்மா.

தலைவர் பத்தரைக்கு வந்தார். தலைக்கு வலை மாட்டிக்கொண்டு எண்ணெய்த் துளிகளை வணங்கினார், நுரையை வணங்கினார். ஏழாம் எண் முன் நின்றார். பாட்டிலில் பாதி கிழிந்த லேபிளில் 'ஆவக்' என்று மட்டும் மிச்சமிருந்தது. இயக்குநர் பேசினார்.

"ஐயா, இந்தப் பாட்டிலை நாங்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். ஊறுகாய் என்பது காலத்தை வென்ற காய். சாமானிய மக்களோடு எங்களுக்கு உள்ள உறவு இந்தக் கண்ணாடி அளவுக்குக் கெட்டியானது. அவர்களை இதன் வழியாகத்தான் பார்க்கிறோம்."

தலைவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அட்டையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று பிரவீனாவைக் கேட்டார். பிரவீனா அட்டையைப் படிக்கவில்லை, அட்டையின் சிவப்பைப் பார்த்தார்.

"இது நம்மிடம் ஒரு சாட்சியம் கேட்கிறது, ஐயா. போன அட்டை கேள்வி. இது உடன்படிக்கை."

"கையெழுத்துப் போடணுமா?"

"போட்டால் நீங்களும் படைப்பின் பகுதியாகிவிடுவீர்கள்."

தலைவர் பெரிதாகக் கையெழுத்திட்டார். கைதட்டல். அடுத்து பிரவீனா. அடுத்து விருந்தினர்கள், பேராசிரியர்கள், பேருந்தில் வந்த மாணவர்கள். ஜெகதீஷ் எங்கே போனாலும் முத்திரையை உடன் வைத்திருப்பவர், கையெழுத்தோடு பழக்கதோஷத்தில் முத்திரையும் குத்திவிட்டார். கடைசியில் இயக்குநரின் முறை. அவர் மட்டும் பேனாவைத் தொட்ட பிறகு படித்தார்.

'இந்தப் பாட்டிலைச் செய்தது மாரம்மா. ஏழாம் எண்ணைச் சுத்தம் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. கேட் பாஸில் கோடு போடக் கூடாது. சம்மதம் என்றால் கீழே கையெழுத்து.'

இயக்குநர் நிமிர்ந்தார். தலைவர் புன்னகையுடன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குப் பின்னால், கையில் மாப்புடன் மாரம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசிக்கிறீங்க?" என்றார் தலைவர். "நானே போட்டுட்டேன்."

இயக்குநர் போட்டார்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. விழா முடிந்து கூட்டிப் பெருக்கும்போது மாரம்மா அட்டையையும் தாளையும் பத்திரமாகப் பெயர்த்தெடுத்து, நகல் போட்டு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தாள். தலைவர் கையெழுத்தும் மனிதவள முத்திரையும் ஒன்றாக இருந்த காகிதத்தை அவர் தன் வாழ்நாளில் அதற்குமுன் பார்த்ததில்லை. திங்கட்கிழமைப் பட்டியலில் மாரம்மாவின் முகம் கோடில்லாமல் இருந்தது. ஒன்றாம் தேதி பக்கத்துக் கம்பெனியின் வாசல் திறந்தது.

பேரவையில் வேலை பார்த்த கடைசி நாளன்று போகிற வழியில் அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். நான்கு மொழிப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். பையில் இன்னும் அட்டைகள் இருந்தன. ஒன்றை எழுதி வாசலில் ஒட்டினாள். 'பெயர் இருக்கிறது, புரியவில்லை. உபயோகம் தெரியவில்லை. யாருடையது? ஏழு நாளில் சொல்லவும். மாரம்மா.'

முதல் நாள் பிரவீனா அதன் முன் கண் கலங்கினார். இரண்டாம் நாள் வெல்வெட் கயிறு. நான்காம் நாள் கட்டுரை, ஐந்தாம் நாள் பேருந்துகள்.

ஏழாம் நாள் சாயங்காலம், எதிர்ச்சாரி டீக்கடையில் திம்மராயன் அவளைப் பிடித்தார். புதுக் கம்பெனிச் சீருடையில், கழுத்தில் நிரந்தர அடையாள அட்டையோடு நின்றாள்.

"மாரம்மா, இன்னியோட ஏழு நாளு ஆச்சு."

"யாராச்சும் பதில் எழுதினாங்களா ண்ணா?"

"போட்டோதான் எடுத்தாங்க."

மாரம்மா டம்ளரை வைத்துவிட்டுக் கொட்டகையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு வாளி போதாது என்று தோன்றியது. போனை எடுத்து, ராயக்கோட்டை ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவரை அழைத்தாள்.

"ண்ணா, காலையில ஏழே முக்காலுக்கு வண்டி கெடைக்குமா? கொஞ்சம் பெரிய வண்டியா பாத்து அனுப்புங்க."